தீப்பந்தம் பிடிக்கிறவள் கறுப்பு உடுத்தக் கூடாது

தெசலோனிக்கி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மலையில் இன்னும் பனி இருக்கிறதா? நான் சுகமாக இருக்கிறேன். மருந்துக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் இருமல், எனக்கு மட்டும் இல்லை. போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது, ஊருக்கெல்லாம் எட்டும். அதனால் எழுதுகிறேன்.

யாசோனும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். ஜூன் 22, சனிக்கிழமை காலை. சர்ச்சில் இல்லை. உங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஆற்றங்கரையில் பெரிய மரங்கள் இருக்கின்றனவே, அங்கே, நம் பழைய கிரேக்கத் தெய்வங்கள் முன்னால். ஸீயஸ், ஹீரா, எல்லோரும். நான்கு வருடமாக இவர்களைத் திரும்பவும் வணங்குகிற கூட்டத்தோடு வழிபடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். அப்பாவிடம் சொன்னேன். “அந்த பொம்மைக் கூத்துக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் முறைப்படி பெண்ணின் அம்மா தன் வீட்டு நெருப்பில் ஏற்றிய தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு பெண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். எனக்கு அம்மா இல்லை. நீங்கள் நடக்க வேண்டும், பாட்டி. நீங்களும் வராவிட்டால் என் பக்கத்தில் ரத்த உறவு என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. தீப்பந்தம் பிடிக்கிறவர் கறுப்பு உடுத்தக் கூடாது.

இன்னொன்று. உங்கள் கல்யாணப் படத்தில் ஒரு வெள்ளை நீளச் சட்டை போட்டிருக்கிறீர்களே, கீழ்க்கரையில் சிவப்புப் பூவேலை செய்தது, அதை நான் உடுத்தட்டுமா?

அணைத்துக்கொள்ளும்
தெஸ்பினா


பலியோவ்ரிசி
25 பிப்ரவரி

தெஸ்பினா, என் கண்ணே,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்துவிட்டுத் தந்தான். அவன் அப்பனும் அப்படித்தான், 1974இல் என் தம்பி பட்டாளத்திலிருந்து எழுதியதை எட்டு நாள் வைத்திருந்தான். முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

நான் இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம் போனவள், தப்பு இருந்தால் சிரிக்காதே. எனக்குச் சில கேள்விகள்.

அங்கே வருகிறவர்கள் சினிமாவில் வருகிற மாதிரி போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு வருவார்களா, அல்லது மனிதர்கள் மாதிரி வருவார்களா? கால்சட்டை போட்ட பெண்களை உள்ளே விடுவார்களா? உள்பாவாடை வேண்டுமா? காற்றடித்தால் என்ன செய்வார்கள்? தலைத்துணி கட்டலாமா? காலில் என்ன? பூசாரி ஆணா பெண்ணா, அவர் என்ன உடுத்துவார்? உன் தெய்வங்களுக்குக் கறுப்பு ஏன் பிடிக்கவில்லை? எங்கள் கோஸ்மாஸ் பாதிரியார் பிறந்ததிலிருந்து கறுப்பில்தான் இருக்கிறார், கடவுள் அவரை ஒன்றும் சொல்லவில்லையே.

என் கறுப்பைப் பற்றிக் கேட்காதே. முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். தீப்பந்தத்துக்கு வேறு யாரையாவது பார்.

உன் அப்பன் வராததைப் பற்றி அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவனுடைய ஞானஸ்நானத்துக்கு அவன் அப்பனும் தாமதமாகத்தான் வந்தார். எனக்கு மறக்கவில்லை.

உன் தலையில் கை வைத்து
பாட்டி கலியோப்பி


தெசலோனிக்கி
9 மார்ச்

அன்புள்ள பாட்டிக்கு,

உங்களுக்கு ஒரு பொட்டலம் முழங்கால் களிம்பு அனுப்பியிருக்கிறேன். காலையிலும் இரவிலும் தடவுங்கள், கோழிக்குத் தடவாதீர்கள்.

கேள்விகளுக்குப் பதில். சிலர் பழைய முறையில் தோளில் ஊசி குத்திய நீள அங்கி போடுவார்கள். சிலர் வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். துவைத்த துணியாக இருக்க வேண்டும், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அங்கே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கை கழுவிவிட்டு, தலையில் இலை வளையம் வைத்துக்கொண்டு கயிற்றைத் தாண்ட வேண்டும். எங்களுக்கு வழிபாடு நடத்துவது அரியாத்னி என்ற அம்மா. பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளை உடுத்துவார், காலில் மட்டும் மருத்துவர் சொன்ன செருப்பு. உள்பாவாடை போடுங்கள், ஆற்றங்கரையில் காற்று அதிகம்.

கறுப்பு சாவுக்கும் மண்ணுக்குக் கீழே இருக்கிற தெய்வங்களுக்கும் உரியது என்பார்கள். மேலே இருக்கிறவர்களிடம் அதோடு போவதில்லை. தெற்கே ஒரு பழைய கோயிலில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: பொன் நகை கூடாது, கறுப்புத் துணி கூடாது, பூப்போட்ட துணி கூடாது, மோதிரம் கூடாது, செருப்பு கூடாது, பின்னிய சடை கூடாது, தலையை மூடக் கூடாது. நாங்கள் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

வெள்ளைச் சட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? எங்கே வைத்திருக்கிறீர்கள்?

முத்தங்கள்
தெஸ்பினா


பலியோவ்ரிசி
20 மார்ச்

என் கண்ணே,

நோன்பு தொடங்கிவிட்டது. பயறும் கீரையும்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. களிம்பு எரிகிறது, நல்ல களிம்பு.

உன் கல்லில் எழுதியதை மூன்று தடவை படித்தேன். கறுப்புத் துணி, மோதிரம், செருப்பு, பின்னல், தலைத்துணி. யாரோ என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டிய மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்திலும் என் மாதிரி ஒருத்தி வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறாள், இல்லாவிட்டால் எதற்குக் கல்லில் வெட்டப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோஸ்மாஸ் பாதிரியாரைப் பிடித்தேன். எதற்கு என்று சொல்லவில்லை, துணியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“சாமி, விதவை கறுப்பக் கழட்டினா பாவமா?”

“பாட்டி, நான் கழட்டினாத்தான் பாவம். உங்களுக்கு யாரு சொன்னா?”

“அப்போ இத்தன வருஷம் ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லயே. உங்ககிட்ட நானா வந்து சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

ஆக, உன் தெய்வமும் கழற்று என்கிறது, என் பாதிரியாரும் கழற்றலாம் என்கிறார். இருந்தாலும் நான் கழற்ற மாட்டேன். வேறு யாரையாவது தீப்பந்தம் பிடிக்கச் சொல். யாசோனின் அம்மாவுக்கு இரண்டு கை இருக்கிறதல்லவா?

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: இலை வளையம் என்ன இலை? தலையில் எப்படி நிற்கும், ஊசி குத்துவார்களா? மோதிரம் விரலில் இறுகிவிட்டிருந்தால் என்ன செய்வார்கள்? அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் எல்லோரும் ஒரே தண்ணீரிலா கழுவுகிறார்கள்?

பாட்டி


தெசலோனிக்கி
7 ஏப்ரல்

அன்புள்ள பாட்டிக்கு,

சுகமா? எனக்குக் கொஞ்சம் தூக்கம் குறைவு, வேறொன்றுமில்லை.

ஆலிவ் இலை அல்லது லாரல் இலை. ஊசி வேண்டாம், உங்கள் பின்னலே பிடித்துக்கொள்ளும். மோதிரம் இருக்கலாம். தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள், முக்குவதில்லை.

அரியாத்னி அம்மாவிடம் உங்களுக்காகப் பேசினேன். கறுப்போடு வந்தால் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைப்போம், தீப்பந்தம் மட்டும் முடியாது என்றார். யாசோனின் அம்மா பிடிக்க முடியாது, அவர் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று எங்களை வரவேற்க வேண்டியவர். நீங்கள் இல்லையென்றால் தீப்பந்தம் இல்லாமலே நான் தனியாக நடந்து வருவேன். அப்படியும் செய்வார்களாம். யாரும் இல்லாத பெண்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாத்தாவை நீங்கள் எவ்வளவு நேசித்திருந்தால் முப்பத்து மூன்று வருடம் ஒரு நிறம் கூட உடம்பில் படாமல் இருந்திருப்பீர்கள்! யாசோனிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டான். எங்கள் கல்யாணத்தில் உங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசப் போகிறான்.

அந்த வெள்ளைச் சட்டையை நான் உடுத்தினால் நீங்கள் என்னோடு நடந்த மாதிரி இருக்கும். அனுப்பி வைப்பீர்களா?

தெஸ்பினா


பலியோவ்ரிசி
10 ஏப்ரல்

தெஸ்பினா,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. யாசோனை அந்த நாலு வார்த்தையைப் பேச வேண்டாம் என்று சொல்.

உன் தாத்தா ஸ்டெர்யோஸ் நல்ல மனிதர். அடித்ததில்லை, குடித்ததும் குறைவு. அவருக்காக மூன்று வருடம் கறுப்பு கட்டியிருப்பேன். அதற்கு மேல் ஒரு நாள் கூட இல்லை. மீதி முப்பது வருடம் அவருடைய அக்கா மரிகோவுக்காக.

1990, நவம்பர். அவரைப் புதைத்த மூன்றாம் நாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் என் வீட்டு முற்றத்தில் காப்பியும் ரஸ்க்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கப்படி சாயம் போடக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். இரண்டு பாவாடை, ஒரு சட்டை, ஒரு தலைத்துணி, அவ்வளவுதான் போடுவதாக இருந்தது. அப்போது மரிகோ கையிலிருந்த காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“நாப்பது நாளு தாங்குவாளான்னு பாருங்கடி. என் தம்பி மண்ணு காயறதுக்குள்ள செகப்புப் பாவாடை கட்டிக்கிட்டு சந்தைக்குக் கெளம்பிருவா இவ.”

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பதினோரு பெண்கள் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் பெயரும் தெரியும்.

நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இருந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். நீலம், பச்சை, சந்தையில் வாங்கிய மஞ்சள் சட்டை, எல்லாம் கொப்பரையில். கடைசியில் கல்யாண வெள்ளைச் சட்டை. என் அம்மா மூன்று குளிர்காலம் உட்கார்ந்து பூவேலை செய்தது. அதையும் மரிகோவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுப் போட்டேன். கட்டையால் அமுக்கி அமுக்கிக் கிண்டினேன்.

“பாத்துக்க மரிகோ. இனி நீ என்னப் பாக்கற வரைக்கும் கறுப்பத் தவிர ஒண்ணும் பாக்கமாட்ட.”

அதுதான் கதை. பூவேலை இருந்த இடத்தைக் கையால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையைக் கறுப்பாக்கலாம். கறுப்பை வெள்ளையாக்க ஒரு சாயமும் இல்லை. காத்தெரினி கடைவீதியில் மூன்று கடையில் கேட்டுவிட்டேன்.

உனக்குத் தர என்னிடம் சட்டை இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

பாட்டி


தெசலோனிக்கி
28 ஏப்ரல்

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். யாசோன் பேச மாட்டான். (அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இன்னொரு தடவை கண் கலங்கினான். அவன் அப்படித்தான்.)

சட்டை போனால் போகட்டும். நான் வேறு தைத்துக்கொள்வேன்.

அப்பாவிடம் வேறு விஷயமாகப் பேசியபோது மரிகோ பாட்டியைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் பார்வை போய் இரண்டு குளிர்காலம் ஆயிற்று என்றார். வெளிச்சம் கூடத் தெரியாதாம். பக்கத்துப் பெண் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறாளாம்.

உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கோழிக்கொட்டகைதான் இருக்கிறது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்படியானால் இந்த இரண்டு வருடமாக யார் பார்க்க உடுத்துகிறீர்கள், பாட்டி?

ஈஸ்டர் வாழ்த்துகள், உங்கள் சர்ச்சுக்கும் உங்களுக்கும்.

தெஸ்பினா


தெசலோனிக்கி
26 மே

பாட்டி,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வருகிற சிவப்பு முட்டைப் பொட்டலமும் வரவில்லை. அப்பாவிடம் கேட்டால் “நல்லாத்தான் இருக்கா, மொகத்தத் தூக்கி வச்சிருக்கா” என்கிறார். நான் கேட்டது தப்பு என்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தெஸ்பினா


பலியோவ்ரிசி
3 ஜூன்

என் கண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கேள்வியும் தப்பில்லை. பதில் இல்லாததால் எழுதவில்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், அது உனக்குத் தெரியும். முட்டைகளை நானே சாப்பிட்டேன்.

அவளுக்குப் பார்வை போனது எனக்குத் தெரியும். போன முதல் வாரமே தெரியும். மறுநாள் காலையில் எழுந்து கறுப்பைத்தான் எடுத்துக் கட்டினேன். பெட்டியில் வேறு என்ன இருக்கிறது?

போன வியாழக்கிழமை கோழிக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது.

“யாரு?”

“நாந்தான்.”

கையிலிருந்த தடியால் தரையைத் தட்டினாள். பிறகு, “முப்பத்திமூணு வருஷமா வழி தேடினியா? உக்காரு. காப்பி கெடையாது. என்ன அடுப்பத் தொடவிட மாட்டேங்கறாங்க.”

“உன் காப்பி அப்பவும் வாயில வைக்க முடியாது.”

“எதுக்கு வந்த?”

“அன்னிக்குச் சொன்னத வாபஸ் வாங்கு.”

“எதை?”

“செகப்புப் பாவாடை.”

“ஓ, அதுவா. மாட்டேன்.”

நான் எழுந்தேன். அவள் தடியால் என் பாவாடையை அழுத்திப் பிடித்தாள்.

“உக்காருடி. உனக்கு அப்போ பல்லு எல்லாம் இருந்துச்சு, இடுப்பு இருந்துச்சு. பாத்தேன், பயமாப் போச்சு. நீ எவனையாவது கட்டிக்கிட்டுப் போயிட்டா என் தம்பி கல்லறைல யாரு விளக்கேத்துவா?”

“அத அப்படியே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா ஏத்தறேன்னு சொல்லியிருப்பியா?”

“உன்கிட்டயா? சொல்லியிருக்க மாட்டேன்.”

“அதான். ஆனா ஏத்தின. தெனமும் சாயங்காலம் நீ போற சத்தம் கேக்கும்.”

பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அவளாகவே கேட்டாள், “உன் பேத்தி ஆத்தங்கரையில ஸீயஸக் கூப்பிட்டு கல்யாணம் பண்ணுதாமே, ஊரே பேசுது. அம்மணமா நிப்பாங்களா?” இல்லை என்றேன். கயிறு, கிண்ணம், இலை வளையம், கல்லில் எழுதியது, எல்லாம் சொன்னேன். விடாமல் கேட்டாள். எனக்குத் தெரியாததையும் கேட்டாள். கணக்கு டீச்சரின் செருப்பைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள்.

“பொண்ணு என்ன உடுத்தப் போவுது?”

“தெரியல. என் சட்டைதான் போச்சே.”

அவள் எழுந்து தடவிக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கைவிட்டு ஒரு வெள்ளை நீளச் சட்டையை எடுத்தாள். கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது உனக்குத் தெரியாது. 1962இல் ஜெர்மனிக்குப் போனான், திரும்பவில்லை. அந்தச் சட்டை உடம்பில் ஏறவே இல்லை.

“பொண்ணுக்குக் குடு. உனக்கு இல்ல. உனக்கு நுழையவும் நுழையாது.”

இதோடு அனுப்பியிருக்கிறேன். மடிப்பில் மஞ்சள் விழுந்திருக்கிறது, எலுமிச்சையும் வெயிலும் போதும்.

நான் வருகிறேன். என்ன உடுத்துவேன் என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியாது. கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு வை.

பாட்டி


தெசலோனிக்கி
30 ஜூன்

என் அன்புப் பாட்டிக்கு,

வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மலைப்பாதையில் உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் இருவரும் சுகம்.

அன்று உங்களிடம் பேச முடியாததை எழுதுகிறேன். வாடகைக் கார் வந்து நின்றது. நீங்கள் கறுப்புக் கோட்டோடு, கழுத்துவரை பொத்தான் போட்டு, ஜூன் வெயிலில் இறங்கினீர்கள். கையில், ஈஸ்டர் இரவில் சர்ச்சிலிருந்து நெருப்பு கொண்டுவருகிற விளக்குக் கூண்டு, உள்ளே சுடர். நான் யாசோனைப் பார்த்தேன். அவன் நாற்காலியைப் பார்த்தான். அரியாத்னி அம்மா என் தோளில் கை வைத்தார்.

நீங்கள் நேராகக் கயிற்றுக்குப் போனீர்கள். விளக்கை அந்த அம்மாவிடம் கொடுத்து, “கொஞ்சம் புடிம்மா, அணைச்சிடாத” என்றீர்கள். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினீர்கள். எட்டுப் பொத்தான், நான் எண்ணினேன். கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தீர்கள்.

நீலம்! பாட்டி, உங்களுக்குக் கைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் கடைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. யாசோனின் அக்கா கத்தரிக்க வந்தபோது, “வுடு, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுக்கணும்” என்றீர்கள். அரியாத்னி அம்மாவிடம் பிறகு கேட்டேன். கடைச் சீட்டைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லையாம்.

விளக்குக் கூண்டின் சுடரில் தீப்பந்தத்தை ஏற்றிக்கொண்டு நீங்கள் எனக்கு முன்னால் நடந்தீர்கள். நான் உங்கள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவுக்குப் படங்கள் அனுப்பினேன். பதில் இல்லை. ஆனால் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது.

உங்கள்
தெஸ்பினா


பலியோவ்ரிசி
14 ஜூலை

தெஸ்பினா, யாசோன், இருவருக்கும்,

சுகமாக இருங்கள், சண்டை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். முழங்கால் அன்று ஒரு நாள் வலிக்கவில்லை, மறுநாள் சேர்த்து வலித்தது.

கல்யாணம் நன்றாக இருந்தது. யாசோனின் பெரியம்மா என் நாற்காலியில் என் கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். அதை நான் மறக்க மாட்டேன். எள் மிட்டாய் பல்லை உடைத்தது. கூப்பிட்ட தெய்வங்கள் வந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் காற்று நின்றது. நான் போகும் முன் மூன்று தடவை சிலுவை போட்டேன், வந்த பின் மூன்று தடவை. நடுவில் தீப்பந்தம் மட்டும்தான் பிடித்தேன்.

ஒரு விஷயம் யாரிடமும் சொல்லாதே. வீட்டு நெருப்பு என்றாய். என் அடுப்பு மின்சாரம். அதனால் மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கிலிருந்து எடுத்தேன். உன் டீச்சருக்கும் தெரிய வேண்டாம், கோஸ்மாஸுக்கும் தெரிய வேண்டாம்.

உன் அப்பன் போன வாரம் வந்தான். வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது என்ன?” என்றான். “துணி” என்றேன். உட்கார்ந்து, உன் படம் ஒன்று தாளில் எடுத்துத் தர முடியுமா என்று எனக்காகக் கேட்கிற மாதிரி கேட்டான். அவனுக்கும் சேர்த்து இரண்டாக அனுப்பு. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நேற்று மரிகோவிடம் போயிருந்தேன். இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் போகிறேன், அவளுக்குக் கல்யாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் திடீரென்று கேட்டாள்.

“இப்ப என்ன கட்டியிருக்க?”

கறுப்பு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்த முப்பத்து மூன்று வருடத்தில் அந்தப் பொம்பளையை நான் என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன், பொய் மட்டும் சொன்னதில்லை.

“நீலம்” என்றேன்.

தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

“எந்த நீலம்?” என்றாள்.

பள்ளிக்கூட ஜன்னல் மாதிரி என்றேன். “அது பழசா இருக்கும்போதா, வருஷா வருஷம் அடிக்கும்போதா?” என்கிறாள். கடல் என்றால் எந்த மாதத்துக் கடல் என்கிறாள். ஆளிப்பூ என்றேன், “வெளுப்பா?” என்கிறாள். ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டே சாகடித்தாள், கடைசியில் “உனக்கே தெரியல” என்று சிரித்தாள்.

அந்த நீலத்துக்குச் சரியான பெயர் என்ன என்று தெசலோனிக்கி துணிக்கடைகளில் கேட்டு உடனே எழுது. கழுத்தில் தொங்கிய கடைச் சீட்டை ஒரு துண்டுத் துணியோடு கத்தரித்து இதில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் அவள் திரும்பக் கேட்பாள். அவளிடம் நான் தோற்க மாட்டேன்.

பாட்டி கலியோப்பி